நன்னிலத்தில் உள்ள ‘நல்’: ஒரு பண்புச்சொல்லின் வேரும் வடிவங்களும்

நன்னிலம் என்ற பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. பின்னது நிலம், அதில் சிக்கல் ஏதும் இல்லை. முன்னது ‘நல்’. நல்ல, நல்லது, நல்லவர், நன்று, நன்றாக, நன்கு, நன்மை, நன்றி, நலம், நலன் என நாள்தோறும் வாயில் வரும் சொற்கள் எல்லாம் இந்த ஓரசை வேரில் கிளைத்தவை. லத்தீன் கற்கத் தொடங்குபவருக்கு முதல் பாடங்களிலேயே வந்துவிடும் ‘பொனுஸ்’ என்ற பெயரடைக்கும் இதே பொருள்தான். இரண்டு சொற்களுக்கும் உறவு எதுவும் இல்லை. ஏற்ற வடிவங்களும் வெவ்வேறு. ஆனால் பொருள் விரிந்த திசையில் மட்டும் அவை சில இடங்களில் ஒத்துப்போகின்றன. அந்த ஒப்புமையை வைத்துப் பார்க்கும்போது, தமிழ் இலக்கண மரபு பெயரடை என்று தனியாக ஒரு சொல்வகையை ஏன் வகுக்கவில்லை என்பதும் விளங்குகிறது.

நன்னிலம் இன்று திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைமையிடம். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலும் அது வட்டத் தலைமையிடமாகவே இருந்தது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் ரயில் பாதையில் பேரளத்தையும் பூந்தோட்டத்தையும் தாண்டினால் வரும் ஊர். இங்குள்ள மதுவனேசுவரர் கோயில் மாடக்கோயில் வகையைச் சேர்ந்தது; சுந்தரர் தேவாரத்தில் நன்னிலத்துப் பெருங்கோயில் எனப்படுவது இதுவே. எனவே எட்டாம் நூற்றாண்டளவிலேயே ஊர்ப்பெயர் இன்றுள்ள வடிவத்தில் நிலைத்துவிட்டது. நன்னிலம் ‘நன்னிலத்து’ என்று ஆகும்போது மாறுவது நிலம் மட்டும்தான். மகரம் போய் அத்துச் சாரியை வருகிறது. முன்னால் நிற்கும் ‘நன்’ அசைவதில்லை. ‘நன்னிலத்தில்’, ‘நன்னிலத்துக்கு’, ‘நன்னிலத்திலிருந்து’ என்று எந்த வேற்றுமை வந்தாலும் அதன் நிலை இதுவே. லத்தீன் இதற்கு நேர்மாறு. அங்கே நிலம் வேற்றுமை ஏற்றால் நல்ல என்பதும் கூடவே ஏற்க வேண்டும்.

‘நல்’ என்ற வேர் ‘நன்’ என்று மாறியது புணர்ச்சியால். லகர மெய்யை இறுதியாகக் கொண்ட சொல்லுக்குப் பின் மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகும். அந்த னகரத்தை அடுத்து வரும் நகரமும் னகரமாகத் திரியும். ஆகவே நல் + நிலம் = நன்னிலம். நன்னூல், நன்னெறி, நன்னாள், நன்னீர் எல்லாம் இதே வழியில் பிறந்தவை. ளகரத்துக்கும் இதற்கு இணையான விதி உண்டு, அது ணகரமாகும். எள் + நெய் = எண்ணெய் என்று ஆவது அப்படித்தான். மெல்லினத்தில் மகரம் வந்தால் நன்மொழி, நன்மதிப்பு. வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும்: நற்குடி, நற்செய்தி, நற்பெயர். தகரம் வரும்போது அந்தத் தகரமும் றகரமாகிவிடும்: நல் + தாய் = நற்றாய், நல் + திணை = நற்றிணை. இடையினம் வந்தால் மாற்றம் இல்லை: நல்வழி, நல்வாழ்வு. உயிர் வந்தால் தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும்: நல்லூர், நல்லறம், நல்லாசிரியர். சமையலறையில் இருக்கும் நல்லெண்ணெயில் இவற்றுள் இரண்டு விதிகள் ஒன்றாக வேலை செய்கின்றன. எள்ளும் நெய்யும் சேர்ந்ததில் ஒன்று. அதன்முன் ‘நல்’ வந்து லகரம் இரட்டித்ததில் மற்றொன்று.

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட இயற்றிய நன்னூல் இந்தச் சொற்களை வேறு திசையிலிருந்து விளக்குகிறது. அதன்படி அடிப்படை வடிவம் ‘நன்மை’ என்ற பண்புப்பெயர். இன்னொரு சொல்லோடு சேரும்போது ‘மை’ விகுதி கெட்டு ‘நன்’ நிற்கிறது. பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கென்று நன்னூல் ஒரே நூற்பாவில் தொகுத்துத் தரும் மாற்றங்கள் பல: ஈறு போதல், முதல் எழுத்து நீளுதல், இன மெல்லெழுத்து மிகுதல் முதலியன. இந்த நூற்பாவை நடத்த ஆசிரியர் நன்னிலத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊர்ப்பெயரிலேயே ஈறு போயிருக்கிறது. பக்கத்து ஊரான பேரளத்தை எழுத்தமைப்பின்படி பிரித்தால் பெருமை + அளம்; முதல் எழுத்து நீண்டு ‘பேர்’ ஆயிற்று. அளம் என்பது உப்பு விளையும் நிலம். சிறுத்தொண்டரோடு சேர்த்துச் சொல்லப்படும் திருச்செங்காட்டங்குடியில் செம்மை + காடு சேர்ந்து இனமான ஙகர மெய் மிகுந்து ‘செங்காடு’ ஆயிற்று. பள்ளிப் பாடநூல்கள் இதே எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்தியிருந்தால் காவிரி டெல்டா மாணவர்களுக்குப் பாதிப் பாடம் வீட்டு வாசலிலேயே கிடைத்திருக்கும்.

நன்னூல் பண்புப்பெயர்களைப் பட்டியலிடும் இடத்தில் நன்மை என்ற சொல் நேராக வருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. செம்மை, சிறுமை, தீமை என்று சிலவற்றைச் சொல்லிவிட்டு, இவற்றுக்கு எதிரானவையும் அடங்கும் என்று நூற்பா முடித்துக்கொள்கிறது. தீமையின் எதிராகத்தான் நன்மை உள்ளே வருகிறது. தன் நூலின் பெயரிலேயே நல்லதை வைத்துக்கொண்ட ஆசிரியர் பட்டியலில் தீமையை எழுதி நன்மையை ஊகிக்க விட்டிருக்கிறார்.

நன்மையிலிருந்து ‘நன்’ வந்தது என்பதா, நல்லிலிருந்து நன்மை வந்தது என்பதா? கற்பிக்கும் வசதிக்கு முதலாவது போதும். சொல் வரலாற்றுக்கு இரண்டாவதே பொருந்தும். நல்ல, நலம், நல்லன், நல்லூர் ஆகியவற்றில் லகரம் கெடாமல் நிற்கிறது. நன்மையை அடிப்படையாகக் கொண்டால் அந்த லகரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. நல்லை அடிப்படையாகக் கொண்டால் னகரம் வந்த வழி தெளிவு: மகரத்தின் முன் லகரம் னகரமாகும்; நல் + மை = நன்மை. வெம்மை, செம்மை போன்றவற்றிலும் ‘மை’ ஒரு விகுதியே. வேர் அதற்கு முன்னால் இருக்கிறது.

ஆனாலும் நன்னூலின் விளக்கத்துக்கு ஆதரவாகச் சில சொற்கள் உண்டு. வல்லினத்தின் முன் நல் ‘நற்’ ஆக வேண்டும் என்பது பொது விதி. அதை மீறி நன்கொடை, நன்கலம், நன்செய் என்ற சொற்களில் ‘நன்’ நிற்கிறது. நற்செய்தி என்கிறோம், நற்செய் என்பதில்லை. இவற்றில் நன் என்பதே தனி அடியாக இறுகிவிட்டது என்று கொள்வது பொருத்தம். காவிரிப் பாசன நாட்டில் நன்செய் சாதாரணச் சொல் அல்ல. செய் என்றால் வயல். நன்செய் நீர் பாய்ந்து நெல் விளையும் நிலம். அதற்கு எதிர் புன்செய். புல் என்ற வேருக்கு இழிவு, சிறுமை என்று பொருள். பேச்சில் னகரமும் சகரமும் சேர்ந்து ஞகர மெய்யாகி நஞ்சை, புஞ்சை என்று ஒலிக்கின்றன. பட்டாவிலும் அடங்கலிலும் நிலத்தை நன்செய், புன்செய் என்று பிரித்து எழுதுகிறார்கள். ஒரு பண்புச்சொல் வருவாய்த் துறையின் வகைப்பெயராகி, தீர்வையையே நிர்ணயிக்கும் இடத்துக்கு வந்தது. நன்செய் என்று பதிவான நிலம் தண்ணீரின்றிக் காய்ந்து கிடந்தாலும் ஏட்டில் அது நன்செய்தான். நல்ல நிலம் என்று அதை யாரும் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு இலக்கணத்திலும் உண்டு. நன்னிலம், நன்செய் ஆகியவை பண்புத்தொகை. இரண்டு சொற்கள் உருபு மறைந்து ஒரே சொல்லாக இறுகியவை. ‘நல்ல நிலம்’ குறிப்புப் பெயரெச்சத் தொடர். அதில் இரண்டு சொற்களும் தனித்தனியே நிற்கின்றன. தொகை பெயராக உறைந்துபோகும்; தொடர் அவ்வப்போது சொல்லப்படும் கருத்தாகவே இருக்கும். நன்னிலத்தை ஒட்டியே நல்லமாங்குடி இருக்கிறது. திரைப்பட இயக்குநர் கே. பாலசந்தர் 1930-இல் பிறந்த ஊர். எழுத்தமைப்பில் அங்கே ‘நல்ல’ முழு வடிவத்தில் நிற்கிறது. ஒரே வேர் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் இரண்டு இலக்கண வடிவங்களில் இருப்பது அபூர்வம்தான்.

சோழநாட்டில் இந்த வேரைத் தாங்கிய ஊர்கள் இன்னும் உண்டு. பாபநாசம் அருகே அப்பருக்குத் திருவடி சூட்டப்பட்டதாகப் பெரியபுராணம் கூறும் நல்லூர். சம்பந்தரின் திருமணத் தலமான, இன்று ஆச்சாள்புரம் எனப்படும் நல்லூர்ப்பெருமணம். செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தரின் பெயரால் கற்றளி எடுப்பித்த திருநல்லம், அதாவது கோனேரிராஜபுரம். கடல் கடந்தால் யாழ்ப்பாண அரசின் தலைநகராக இருந்த நல்லூர். இவற்றோடு திருநள்ளாற்றைச் சேர்க்கக் கூடாது. அங்கே இருப்பது ளகரம். எழுத்தளவில் நள் + ஆறு. நள் என்பது நடு. நள்ளிரவிலும் நண்பகலிலும் உள்ளது அதே வேர். ஆங்கில எழுத்தில் பெயரைப் படிப்பவருக்கு லகர ளகர வேறுபாடு தெரிவதில்லை என்பதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. குறளின் 105ஆம் அதிகாரத் தலைப்பான நல்குரவும் இப்படி மயங்க வைக்கும். எழுத்தில் நல் தெரிகிறது, பொருள் வறுமை.

சங்கப் புலவர் பெயர்களில் வேர் வேறொரு விதமாகச் சுருங்கியிருக்கிறது. நக்கீரர், நப்பசலையார், நச்செள்ளையார் ஆகிய பெயர்களின் முதலில் நிற்கும் நகரம் சிறப்புப் பொருளைத் தரும் முன்னொட்டு. நல் என்பதன் குறுக்கம் என்று அதைக் கொள்வர். கண்ணனின் நப்பின்னைக்கும் அதே விளக்கம். இந்த வரிசையில் நச்சினார்க்கினியர் சேரமாட்டார். அவர் பெயரில் இருப்பது விரும்புதல் என்ற பொருளுடைய நச்சு என்ற வினை.

தமிழுக்கு வெளியே இவ்வேரின் நிலை சீராக இல்லை. மலையாளத்தில் நல்ல என்பதே அன்றாடச் சொல். கன்னடத்தில் நல்லது என்பதற்குப் பேச்சில் ஒள்ளெய என்ற சொல் வந்துவிட்டது. நல் என்ற வேரோ அன்பின் பக்கம் ஒதுங்கியது. அங்கே நல்ல என்றால் காதலன், நல்லெ என்றால் காதலி, நல்மெ என்றால் அன்பு. தெலுங்கில் நல்லது என்பதற்கு மஞ்சி. தெலுங்கின் நல்ல என்ற சொல்லுக்குக் கறுப்பு என்று பொருள். அது வேறு சொல். தெலுங்கர் நல்ல ரேகடி என்று சொல்வது கரிசல் மண்ணை. தமிழ்க் காதில் அது நல்ல மண் என்று விழலாம். கரிசலும் நல்ல மண்தான் என்பதால் பிழை கண்டுபிடிக்கப்படாமலே போய்விடும். பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இத்தகைய இனச்சொற்களை வரிசைப்படுத்தித் தருகிறது.

லத்தீன் சொல்லின் தோற்றத்துக்கு மண்பாண்டமே சான்று. ரோமின் குவிரினால் குன்றில் 1880-இல் ஹைன்ரிக் டிரெசல் கண்டெடுத்த, மூன்று சிறு குடுவைகள் ஒட்டிய ஒரு கலம் இப்போது பெர்லினில் இருக்கிறது. பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதன் எழுத்துகளில் ‘துவெனோஸ்’ என்ற சொல் வருகிறது. கலத்தைச் செய்தவனின் பெயர் அது என்பர் சிலர். நல்லவன் ஒருவன் செய்தான் என்று பொருள் என்பர் வேறு சிலர். எப்படியானாலும் பொனுஸ் என்பதன் பழைய வடிவம் அதுவே. துவெனோஸ் பின்னர் துவொனோஸ் ஆயிற்று. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சிப்பியோ குடும்பக் கல்லறை எழுத்தில் இந்த இடைநிலை வடிவம் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் காணப்படுகிறது. சொல்லின் முதலில் தகரத்தை அடுத்து வகரம் வந்தால் லத்தீனில் இரண்டும் சேர்ந்து உதட்டில் பிறக்கும் ஒலியாகும். போரைக் குறித்த ‘துவெல்லும்’ ‘பெல்லும்’ ஆனதும், இருமுறை என்ற துவிஸ் பிஸ் ஆனதும் இவ்வாறே. அருள், மதிப்பு என்ற பொருளுடைய இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்றை அறிஞர்கள் இதற்கு அடியாகக் காட்டுகின்றனர். ரிக் வேதத்தில் வரும் துவஸ் என்ற சொல்லை இதனோடு ஒப்பிடுவர். கொடுத்தல், அருளுதல் என்ற பொருளில் தமிழில் வரும் நல்குதலை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வடிவங்களின் எண்ணிக்கையில்தான் இரு மொழிகளும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. லத்தீன் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் ஏற்க வேண்டும். நல்ல நிலம் என்பதையே அங்கே மூன்று விதமாகச் சொல்லலாம். வயலைக் குறிக்கும் அகெர் ஆண்பால். ஆகவே அகெர் பொனுஸ். மண்ணுலகையும் நிலத்தையும் குறிக்கும் தெர்ரா பெண்பால். ஆகவே தெர்ரா பொனா. தரையைக் குறிக்கும் ‘சொலும்’ இரண்டுமற்ற நடுப்பால். ஆகவே சொலும் பொனும். மூன்று பால், இரண்டு எண், விளியோடு சேர்த்து ஆறு வேற்றுமை என்று பெருக்கினால் 36 இடங்கள். ஒரே வடிவம் பல இடங்களில் திரும்ப வருவதால் எழுத்தில் 13 வடிவங்களே மிஞ்சும். இலக்கணம் கற்கும் சிறுவர்களை ஐரோப்பா நூற்றாண்டுகளாக இந்த அட்டவணையை ஒப்பிக்க வைத்தது.

அந்த அட்டவணையோடு வளர்ந்தவர்கள்தான் டெல்டாவின் கடற்கரையில் வந்து இறங்கித் தமிழ் இலக்கணம் எழுதினார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுவழக்குத் தமிழுக்கு, லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே வெளிவந்தது. அதற்கும் முன்பே, பதினாறாம் நூற்றாண்டில், முத்துக்குளித்துறையில் இருந்த அண்டிரிக் அடிகளார் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதியிருந்தார். லத்தீன் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழைப் பார்த்தவர்களுக்கு ‘நல்ல’ ஒரு புதிராக இருந்திருக்கும். நல்ல வயல், நல்ல பெண், நல்ல மாடுகள், நல்ல வயலில், நல்ல பெண்ணுக்கு என்று எங்கும் அதே வடிவம். பால் இல்லை, எண் இல்லை, வேற்றுமை இல்லை. 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை ஒரு பொது விதியாகவே சொன்னார்: திராவிட மொழிகளில் பெயரடை என்பது பண்பைக் குறிக்கும் பெயரே; இன்னொரு பெயரின் முன் நிற்பதால் மட்டுமே அது அடையாகிறது.

கால்டுவெல் சொன்னது பாதி உண்மை. நல் முன்னால் நிற்கும்போது பால் காட்டாது. பின்னால் பயனிலையாக நிற்கும்போது காட்டும். பழந்தமிழில் அவன் நல்லன், அவள் நல்லள், அவர் நல்லர், அது நன்று, அவை நல்ல. தன்மையில் நல்லேன், நல்லேம். முன்னிலையில் நல்லை, நல்லாய், நல்லீர். ஐம்பால் மூவிடமும் காட்டும் இந்த வடிவங்களைத் தமிழ் இலக்கணம் குறிப்பு வினைமுற்று என்று வினையில் அடக்கியது. காலம் வெளிப்படையாகத் தெரியாமல் குறிப்பால் உணரப்படும் வினை அது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற ஆறன் அடியாகப் பிறப்பதில் நல்லன் குணத்தின் அடியாகப் பிறந்தது. தொகையில் நிற்கும்போது நல் பெயரின் பக்கம். நல்லன் என்னும்போது வினையின் பக்கம். பண்பைக் குறிக்கும் வேராக எண்ணும்போது உரிச்சொல்லின் பக்கம். மூன்று இடங்களிலும் ஏற்கெனவே அதற்கு இருக்கை இருந்ததால் நான்காவதாகப் பெயரடை என்ற வகை தேவைப்படவில்லை. லத்தீன் மரபிலும் பெயரடை நெடுங்காலம் பெயரின் உட்பிரிவாகவே கருதப்பட்டது. அங்கே அது பெயரைப் போல வேற்றுமை ஏற்றதே காரணம். ஒரே கேள்விக்கு இரு மரபுகளும் தத்தம் மொழியின் இயல்பைப் பார்த்தே விடை சொல்லியிருக்கின்றன. தமிழ் மரபில் குறை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் கருதியது உண்மையில் குறை அல்ல.

நன்று என்ற வடிவத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒன்றன்பால் விகுதியான து, நல் என்ற வேரோடு சேர்ந்து நன்று ஆயிற்று. நற்றாய் என்பதில் அதே லகரமும் தகரமும் சேர்ந்து ற்ற ஆயின. வினைகளிலும் இந்த இரட்டைப் போக்கு உண்டு: செல் சென்று ஆகிறது, நில் நின்று ஆகிறது, கல்லும் வில்லும் கற்று, விற்று ஆகின்றன. ‘நன்று’ என்பது சென்று, நின்று ஆகியவற்றின் கட்சி.

இந்தக் குறிப்பு வினைமுற்றுகள் பெரும்பாலும் இன்று வழக்கொழிந்தன. அது நன்று என்பது மேடைத் தமிழாகிவிட்டது. அவற்றின் இடத்தைப் பிடித்தவை நல்லவன், நல்லவள், நல்லவர், நல்லது, நல்லவை ஆகிய பெயர்கள். ‘அவை நல்ல’ என்ற பன்மை முற்று முற்றிலும் மறைந்து, அதே எழுத்துகளைக் கொண்ட பெயரெச்சம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் இன்றைய தமிழில் ‘இந்த நிலம் நல்ல’ என்று வாக்கியத்தை முடிக்க முடியாது. ‘நிலம் நல்லது’ என்றோ ‘நல்லா இருக்கு’ என்றோதான் முடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. முன்னது இயல்பைச் சொல்கிறது. பின்னது அப்போதைய நிலையைச் சொல்கிறது. லத்தீனின் வழிவந்த ஸ்பானிய மொழி இந்த வேறுபாட்டைக் காட்ட இரண்டு ‘இரு’ வினைகளை வைத்திருக்கிறது. அங்கே பொனுஸ் புவேனோ ஆகியிருக்கிறது. இத்தாலியில் புவோனோ, பிரான்சில் போன்.

வினையடை வடிவங்கள் நன்கு, நன்றாக. நன்றாக என்பது பேச்சில் இரண்டாகப் பிரிந்தது. தஞ்சை அக்ரகாரங்களில் கன்று கன்னு ஆவதைப் போல நன்றாக நன்னா ஆயிற்று. மற்றவர் பேச்சில் நல்லா. லத்தீனில் இதற்குச் சமம் பெனெ.

ஒப்பீட்டில் லத்தீன் ஒரு விசித்திரம் செய்கிறது. நல்ல, அதைவிட நல்ல, எல்லாவற்றிலும் நல்ல என்ற மூன்று படிகளுக்கும் மூன்று வெவ்வேறு வேர்கள்: பொனுஸ், மெலியோர், ஒப்திமுஸ். கடைசிச் சொல் செல்வத்தையும் வலிமையையும் குறித்த ஒப்ஸ் என்ற சொல்லோடு தொடர்புடையது. தமிழில் படிகள் இல்லை. ஒப்பிடப்படும் பொருளின் மேல்தான் உருபு ஏறும். நல்லது அப்படியே நிற்கும். பழந்தமிழில் அந்த வேலையை ஐந்தாம் வேற்றுமை இன் உருபு செய்தது. இன்று விட, காட்டிலும் என்ற சொற்கள் செய்கின்றன.

பொருள் வரலாற்றில் மிகப் பழைய செய்தி தொல்காப்பியத்தில் இருக்கிறது. அதன் உரியியல் நன்று என்ற சொல்லுக்குத் தரும் பொருள் பெரிது என்பது. இது வழக்கொழிந்த பழம்பொருள் என்று உரைநூல்களோடு விட்டுவிடுவது வழக்கம். ஆனால் ஐப்பசியில் டெல்டாவில் நல்ல மழை என்றால் நன்மை தரும் மழை என்று யாரும் கொள்வதில்லை. கனத்த மழை என்றே பொருள். பயிர் மூழ்கினாலும் அது நல்ல மழைதான். நல்ல வெயில், நல்ல பசி, நல்ல அடி, நல்ல கூட்டம் எல்லாவற்றிலும் இருப்பது அளவு. தொல்காப்பியர் பதிவுசெய்த பொருள் செய்யுளில் மறைந்து, வயல்வரப்புப் பேச்சில் தங்கிவிட்டது.

இன்னொரு பொருள் அழகு. சங்க அக இலக்கியத்தில் தலைவியின் நலம் என்றால் பெரும்பாலும் அவள் அழகு. குறளின் 112ஆம் அதிகாரமான நலம்புனைந்துரைத்தலும் 124ஆம் அதிகாரமான உறுப்புநலனழிதலும் அந்தப் பொருளில் வந்தவை. லத்தீனிலும் இதே நகர்வு நடந்தது. துவெனோஸ் என்பதன் குறுமை வடிவம் பெல்லுஸ் ஆகி அழகிய என்ற பொருள் பெற்றது. பிரெஞ்சின் பெல் அதன் வழி வந்தது. நலம் பின்னர் உடல்நலமாகவும் பொதுநலமாகவும் நகர்ந்துவிட்டதால், நலம்புனைந்துரைத்தலைப் புதிதாகப் படிப்பவர் அதை உடல்நலம் விசாரிப்பதாக எண்ணவும் கூடும். நன்றியும் இப்படித்தான். 11ஆம் அதிகாரமான செய்ந்நன்றியறிதலில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. அதை உணர்ந்தவர் திருப்பிச் சொல்லும் சொல்லாக அது மாறியது பின்னாளில்.

வகையைப் பிரிக்கும் சொல்லாகவும் நல்ல பயன்படுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நல்ல தண்ணீர் என்றால் உப்புக் கரிக்காத தண்ணீர். குமரி மாவட்டத்தில் நல்ல மிளகு, மிளகாயிலிருந்து மிளகைப் பிரிக்கிறது. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களிலிருந்து எள்ளின் எண்ணெயைப் பிரிக்கிறது. முதலிலிருந்தே இருந்தது, அசலானது என்பதே இங்கெல்லாம் கருத்து. நல்ல பாம்பில் மட்டும் அச்சம் பேசுகிறது. கடித்தால் கொல்வதை மங்கலமாகப் பெயர் சொல்லி அழைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

எதிர்ச்சொல்லில் ஒரு சமனின்மை தெரிகிறது. பழைய எதிர் தீ. தீயன், தீது, தீமை என்று நல்லுக்கு ஈடான வடிவங்கள் எல்லாம் அதற்கு உண்டு. பேச்சில் அதன் இடத்தைப் பிடித்த கெட்ட என்பதோ கெடு என்ற வினையின் இறந்தகாலப் பெயரெச்சம். நல்ல என்பதில் காலம் இல்லை. கெட்ட என்பதில் ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்திருக்கிறது.

லத்தீன் பொனுஸ் தமிழுக்குள் வந்தது ஆங்கிலம் வழியாக. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் பங்குச் சந்தைப் பேச்சில் எதிர்பாராத கூடுதல் தொகையைக் குறிக்க இந்தச் சொல் எழுந்ததாக ஆங்கில அகராதிகள் கூறுகின்றன. நல்ல பொருள் என்று சொல்ல நினைத்திருந்தால் பொனும் என்ற வடிவத்தை எடுத்திருக்க வேண்டும். எடுத்தது ஆண்பால் எழுவாய் வடிவம். லத்தீனில் அதற்கு நல்லவன் என்றே பொருள். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் நிலைத்த வரம்பின்படி, தொழிலாளிக்குக் குறைந்தது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடும் அதிகமாக 20 விழுக்காடும் இந்த நல்லவனாகக் கிடைக்கும். 8.33 என்பது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். தமிழில் போனஸ் பெயர்ச்சொல் மட்டுமே. போனஸை, போனஸுக்கு, போனஸில் என்று தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்கிறது. தன் பிறப்பிடத்தில் ஏற்ற 13 வடிவங்களில் ஒன்றைத் தவிர வேறெதையும் அது இங்கே கொண்டுவரவில்லை.